கைகளை விரிக்கிறேன்

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். விடிவதற்கு முன்பே வேன் வந்து நிற்கும்.

27 வருடம் செம்பனைக் குலை வெட்டிய மனிதர். இப்போது இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். தோலுக்கடியில் கயிறு மாதிரி புடைத்து நிற்கும். தொட்டால் விர்ரென்று ஓர் அதிர்வு, தீப்பெட்டிக்குள் வண்டை அடைத்து வைத்ததுபோல. அது நின்றால் குழாய் அடைத்துக்கொண்டது, உடனே வாருங்கள் என்று தாதி சொல்லியிருக்கிறார். தினமும் படுக்கும் முன் தொட்டுப் பார்ப்பேன்.

சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதி கட்டியிருந்ததால் சுத்திகரிப்புச் செலவு அதில் போகிறது. சாப்பாட்டுக்கு நான் தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கப் போகிறேன். சிறுநீரகம் தர அவருடைய தம்பி முன்வந்தார். சோதித்துப் பார்த்தால் தம்பிக்கே இனிப்புநீர், அதாவது நீரிழிவு. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் சபையார் மாறி மாறி வந்து ஜெபித்தார்கள். எல்லாம் நன்மைக்கே என்றார்கள். அவர்கள் அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வார்த்தையும் உள்ளே இறங்கவில்லை.

பழைய தோட்டத்தில் ஆயாக்கொட்டகையில் வேலைக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அம்மா ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். மகனைப் பறிகொடுத்தவர். ஒரு சாயங்காலம் வந்து, கோப்பி ஓவைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என் வேதத்தை வாங்கி 88-ஆம் சங்கீதத்தைத் திறந்து, "இத வாசிம்மா" என்றார்.

வாசித்தேன். துக்கத்தில் ஆரம்பிக்கும் மற்ற சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் வந்து நிற்கும். இது நிற்கவில்லை. 18 வசனமும் புலம்பல்தான். தெரிந்தவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது.

"என்னம்மா, ஆறுதலே இல்லையே?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் இப்படிக் கதறினத ஆண்டவர் அழிச்சுப் போடச் சொல்லல பாரு. தன் புஸ்தகத்துலயே வெச்சிருக்காரு."

அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். நான் கேட்ட கேள்விகளை எனக்கு முன்பே ஒருவன் அவரிடம் கேட்டிருக்கிறான். அவரும் அவனை விரட்டவில்லை.

ஒன்பதாம் வசனத்தில் ஒரு வரி உண்டு: "உமக்கு நேராக என் கைகளை விரிக்கிறேன்." எல்லாரும் எங்களுக்குக் கையை விரித்த வருடம் அது. அதே கையை அவருக்கு நேராகவும் விரிக்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

இப்போது என் ஜெபம் நீளமாக இருப்பதில்லை. இரவில் வீட்டுக்காரர் கையைத் தொட்டுப் பார்ப்பேன். அதிர்வு இருந்தால் ஸ்தோத்திரம் சொல்வேன். பிறகு என் கைகளை விரித்து அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு, நாலு மணிக்கு அலாரம் வைத்துப் படுத்துக்கொள்வேன்.