முகவரி உள்ளவர்களும் இல்லாதவர்களும்

திருகோணமலையில் ஆலய அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். விசுவாசத்துக்காகச் சிறையில் இருக்கும் கிறிஸ்தவர்களுக்குக் கடிதம் எழுதி ஜெபிக்கும் குழுவை நடத்துவதும் என் பொறுப்பு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூடுகிறோம். வருவது பெரும்பாலும் வயதான அம்மாமார், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் சிலர்.

கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும். அந்த நாட்டு அரசைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ ஒரு வரியும் கூடாது. காசு வைக்கக் கூடாது. உறையை முதலில் பிரிப்பவர் சிறை அதிகாரியாகத்தான் இருப்பார். அவர் வாசிப்பதும் நல்லதே. இந்தக் கைதியை வெளியே யாரோ தேடுகிறார்கள் என்று அவருக்கும் தெரியவரும்.

இதெல்லாம் சொல்லிக்கொடுக்கலாம். சரி, என்ன எழுதுவது? புதிதாக வருபவர்கள் பிரசங்கம் எழுதிவிடுவார்கள். பவுலும் சீலாவும் சிறையில் பாடினார்களே, நீங்களும் பாடுங்கள் என்பார்கள். வசனம் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு, அடைபட்டிருப்பவருக்குத் தைரியப் பாடம் நடத்துவதில் எனக்குச் சம்மதமில்லை.

இதை என்னைவிட நன்றாகச் சொன்னவர் எங்கள் குழுவில் உள்ள ஒரு அம்மா. யுத்த காலத்தில் அவருடைய மகன் பூசா தடுப்பு முகாமில் இருந்தார். செஞ்சிலுவைச் சங்கத்தார் கொண்டுவரும் மகனின் கடிதத்துக்காகக் காத்திருந்தவர் இந்த அம்மா. புதிதாக வந்த ஒரு பையனிடம் சொன்னார்: "மகன், பெரிசா ஒண்டும் எழுத வேண்டாம். என்ர பிள்ளை கேட்டு எழுதுறது, முற்றத்து மாமரம் காய்ச்சதோ, மாடு கண்டு போட்டதோ எண்டுதான். வீட்டுக் கதையை எழுதுங்கோ."

அதற்குப் பிறகு எங்கள் கடிதங்கள் மாறின. உப்புவெளியில் கரைவலை இழுப்பதையும், மழை பிந்தியதையும், பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்ததையும் எழுதுகிறோம். பிள்ளைகள் கோட்டைப் பக்கம் திரியும் மான்களை வரைந்து கொடுப்பார்கள். மொழி தெரியாதவருக்கும் அது புரியும்.

ஆபிரிக்க நாடான எரித்திரியாவுக்கு நாங்கள் கடிதம் அனுப்புவதில்லை; அனுப்ப முகவரி இல்லை. 2002இல் அந்த அரசு ஓர்தொடொக்ஸ், கத்தோலிக்க, லூத்தரன் சபைகளையும் சுன்னி இஸ்லாத்தையும் மட்டும் அனுமதித்து, மற்றச் சபைகளை மூடிவிட்டது. பிடிபட்டவர்களில் பலர் வழக்கே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். ஹெலன் பெர்ஹானே என்ற நற்செய்திப் பாடகி 2004 முதல் 2006 வரை காவலில் இருந்தார். கப்பலில் சரக்கு ஏற்றும் கொண்டெய்னருக்குள் அவரை அடைத்து வைத்தார்கள். பகலில் கொதிக்கும், இரவில் குளிரும். திருகோணமலை வெயிலில் நிற்கும் இரும்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முகவரி இல்லாதவர்களுக்கு ஜெபம்தான். பெயர் தெரிந்தால் பெயர் சொல்லியே ஜெபிக்கிறோம். சிறையில் உள்ள எல்லோரையும் ஆசீர்வதியும் ஆண்டவரே என்று ஒரே மூச்சில் முடிக்க நான் விடுவதில்லை. காவலர்களுக்காகவும் ஜெபிக்கிறோம். அப்புறம், நம் நாட்டுச் சிறைகளில் உள்ளவர்களுக்காகவும், எந்த மதத்தவரானாலும். அந்த அம்மாவின் மகனுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் அவருடைய மதத்தைக் கேட்கவில்லையே.

ஜெபப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதில் நான் அவசரப்படுவதில்லை. பாகிஸ்தானில் 2010இல் மத நிந்தனைக் குற்றச்சாட்டில் மரண தண்டனை விதிக்கப்பட்ட கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபியை, 2018 ஒக்டோபர் 31இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அன்றே பெயரை வெட்டலாம் என்றார்கள் சிலர். ஆனால் அவர் கனடா போய்ச் சேர்ந்தது 2019 மே மாதத்தில்தான். அதுவரை பெயர் அப்படியே இருந்தது. ஈரானியப் போதகர் யூசெப் நாதர்கானி 2012இல் விடுதலையானார், 2018இல் மறுபடி சிறைக்குப் போனார். அதனால் வெளியே வந்தவர்களின் பெயர்களைப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். வீடும் தொழிலும் இழந்து வருபவர்களுக்கும் ஜெபம் வேண்டும். 2019 டிசம்பரில் 9 ஆண்டுத் தண்டனை பெற்ற சீனப் போதகர் வாங் யீயின் பெயர் இன்னும் முன்பக்கத்தில்தான் இருக்கிறது.