கல்விக்கடனும் பாதியில் நின்ற படிப்பும்

கல்விக்கடனைக் கட்ட முடியாமல் திணறுபவர் என்றதும், புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் பெருந்தொகையைக் கடனாக வாங்கி மருத்துவமோ மேலாண்மையோ படித்த ஒருவரைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நிலவரம் வேறு. கல்விக்கடன் தரவுகள் மிக அதிகமாக ஆராயப்பட்டிருக்கும் அமெரிக்காவில், பெருந்தொகை வாங்கியவர்களைவிடச் சிறுதொகை வாங்கியவர்களே அதிக விகிதத்தில் தவணை தவறுகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. அவர்களில் பலர் ஓரிரு பருவங்கள் படித்துவிட்டுப் பட்டம் பெறாமலேயே வெளியேறியவர்கள். கடன் தலைமேல் நிற்கும். அதை அடைப்பதற்கான சம்பளத்தைப் பெற்றுத்தர வேண்டிய பட்டம் கையில் இருக்காது.

வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு, இப்போது மாணவர்களுடன் உட்கார்ந்து அவர்களுடைய கடன் ஆவணங்களை வரிவரியாகப் படித்து விளக்கிவரும் எனக்கு இது வியப்பளிக்கவில்லை. எவ்வளவு கடன் வாங்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம், இந்தப் படிப்பை முடிப்பதற்குத் தடையாக வரக்கூடியவை எவை என்பதைத்தான் நான் முதலில் விசாரிக்கிறேன். குடும்பத்தில் நோயாளி இருக்கிறாரா, பாடம் பிடித்துத்தான் சேர்கிறார்களா, முதலாண்டுக் கட்டணத்துக்கு வழி இருப்பதுபோல் மூன்றாம் ஆண்டுக் கட்டணத்துக்கும் வழி இருக்கிறதா என்பவை வட்டி விகிதத்தைவிட முக்கியமான கேள்விகள். கடைசி ஆண்டுக்குப் பணம் போதாமல் படிப்பை நிறுத்தியவர், மூன்றாண்டுக் கடனையும் பட்டமில்லாமல் சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே குறைவாகக் கடன் வாங்குவது எப்போதும் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. முழுப் படிப்புக்கும் என்ன செலவாகும் என்று முதலிலேயே கணக்கிட்டு, அது நம்மால் முடியாது என்று தெரிந்தால் கட்டணம் குறைந்த வேறொரு கல்லூரியைச் சேர்க்கைக்கு முன்பே தேடுவதுதான் உண்மையான சிக்கனம்.

வங்கி ஒப்புதல் அளித்த தொகை என்பது மேல்வரம்பு. அதை முழுதாக எடுத்தே தீர வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் சொல்வதில்லை. ஆயினும் அனுமதிக் கடிதத்தில் அச்சடித்திருக்கும் எண்ணைத் தமக்குக் கிடைத்த பரிசுத் தொகையைப்போல நினைக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். கல்விக் கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போய்விடுவதால் அதில் பெரிய தவறு நேர்வதில்லை. தங்குமிடம், உணவு, மடிக்கணினி, பயணம் என்று மாணவரின் கணக்குக்கு வந்து சேரும் பகுதியில்தான் கை தளர்கிறது. ஒவ்வொரு பருவமும் பணம் பெறுவதற்கு முன், சென்ற பருவத்தில் உண்மையில் என்ன செலவானது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே போதும், கேட்கும் தொகை குறைந்துவிடும். இதை நிறுவன அளவில் செய்து காட்டியது அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம். 2012 முதல் அது தன் மாணவர்களுக்கு ஆண்டுதோறும், இதுவரை வாங்கிய கடன் இவ்வளவு, மாதத் தவணை ஏறத்தாழ இவ்வளவு வரும் என்று கடிதம் அனுப்பத் தொடங்கியது. சில ஆண்டுகளில் இந்தியானா மாநிலமே அத்தகைய கடிதத்தைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. செலவு அதிகமில்லாத இந்த ஏற்பாட்டை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏன் பின்பற்றக்கூடாது என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது வட்டி. படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்பதை, படிக்கும் காலத்தில் வட்டியும் இல்லை என்று புரிந்துகொள்பவர்கள் ஏராளம். சில திட்டங்களில் அக்காலத்து வட்டியை அரசே ஏற்கிறது என்பது உண்மைதான். அப்படி இல்லாத கடனில், பணம் பட்டுவாடா ஆன நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாணயம் எதுவானாலும் விடை ஒன்றுதான். நான்காண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஓர் இலட்சம் வீதம் வாங்குகிறோம். வட்டி 10 விழுக்காடு, படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்த பிறகே தவணை ஆரம்பம், அதுவரை தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். முதலில் வாங்கிய இலட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டியாக 50,000, அடுத்ததற்கு 40,000, அதற்கடுத்தவற்றுக்கு 30,000, 20,000 என்று மொத்தம் 1,40,000 சேர்ந்துவிடும். இது அசலோடு சேர்க்கப்படுவதால், தவணை தொடங்கும் நாளில் நான்கு இலட்சக் கடன் 5,40,000 ஆக நிற்கும். பத்தாண்டில் அதை அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 7,140 ஆகும். வட்டியை அவ்வப்போதே கட்டிவந்திருந்தால், தவணை நான்கு இலட்சத்துக்கு மட்டும் கணக்கிடப்பட்டு 5,290 அளவில் நின்றிருக்கும். மாதம் 1,850 வீதம் 120 மாதங்களில் வித்தியாசம் 2,22,000. படிக்கும்போது கட்டியிருக்க வேண்டியதோ 1,40,000 மட்டுமே. அதிலும் முதலாண்டில் மாதம் 833 போதும். முழு வட்டியையும் கட்ட வசதியில்லாதவர்கள் முதலாண்டு வட்டியை மட்டுமாவது கட்டலாம். பகுதிநேர வேலை செய்யும் மாணவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்லும் ஒரே விஷயம் இதுதான்.

எவ்வளவு சம்பளம் வரும் என்று மதிப்பிடும்போது, கல்லூரி விளம்பரத்தில் படம் போட்டிருக்கும் மாணவரின் சம்பளத்தைக் கணக்கில் கொள்ளவே கூடாது. அதே துறையில் நடுத்தர மதிப்பெண்ணோடு இரண்டாண்டுக்கு முன் பட்டம் பெற்ற ஒருவரைத் தேடிப் பிடித்து, இப்போது கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்க வேண்டும். மாதத் தவணை கைக்கு வரும் சம்பளத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல். மேலே சொன்ன 7,140 தவணைக்கு ஏறத்தாழ 48,000 சம்பளம் வேண்டியிருக்கும். வராது என்று தோன்றினால் கடன் தொகையிலோ படிப்பிலோ மாற்றம் செய்தாக வேண்டும்.

தவணை தவறுவதற்குப் பணமின்மைதான் காரணம் என்று எல்லாரும் எண்ணுகிறார்கள். நான் பார்த்த கோப்புகளில் அதற்கு இணையான இன்னொரு காரணம் முகவரி. கடன் விண்ணப்பத்தில் மாணவர் கொடுத்தது விடுதி முகவரி, கல்லூரி கொடுத்த மின்னஞ்சல், படிக்கும்போது வைத்திருந்த கைபேசி எண். படிப்பு முடிந்ததும் விடுதியைக் காலி செய்கிறார், கல்லூரி மின்னஞ்சலை முடக்கிவிடுகிறார்கள், புதிய ஊரில் புதிய எண் வாங்கிக்கொள்கிறார். தவணை தொடங்கும் தேதியை அறிவிக்கும் கடிதம் விடுதி வாசலில் கிடந்து திரும்பிப் போகிறது. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் வங்கியின் கணக்கில் அவர் ஏற்கெனவே இரண்டு தவணை தவறியவர். படிப்பைப் பாதியில் நிறுத்துபவர்களுக்கு இது இன்னும் மோசம். தவணை விடுப்பு என்பது படித்துக்கொண்டிருக்கும் வரைதான் என்பதால், நின்ற நாளிலிருந்தே கணக்கு மாறிவிடுகிறது. அமெரிக்காவின் மத்திய அரசுக் கடனில் வெளியேறிய ஆறு மாதத்தில் தவணை தொடங்கிவிடும். அதனால்தான் அங்கே கடன் பெறும்போது ஒருமுறையும் கல்லூரியை விட்டு விலகும்போது ஒருமுறையும் ஆலோசனை கொடுப்பது விதியாக இருக்கிறது. சொல்லாமல் நின்றுவிடும் மாணவரைத் தேடிப் போய் அந்த ஆலோசனையைக் கொடுப்பதுதான் கடினமான வேலை. பட்டம் பெறுபவர்களுக்கு விழா எடுக்கிறோம். விலகுபவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூடப் போவதில்லை.

ஒரு தவணை தவறியதும் வாழ்க்கை முடிந்துவிட்டதாகப் பதறுவதும் தவறு, ஒன்றும் ஆகாது என்று இருப்பதும் தவறு. இந்தியாவில் 90 நாட்களுக்கு மேல் நிலுவை நின்றால் அக்கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படுகிறது. அமெரிக்க மத்திய அரசுக் கடனில் அந்த எல்லை 270 நாட்கள். எல்லையைத் தாண்டும் வரை பேசித் தீர்க்க வழிகள் பல உண்டு. தாண்டிய பிறகு, கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்பதைக் காட்டும் கடன் மதிப்பெண் சரிந்து, வீட்டுக்கடனோ வாகனக்கடனோ கேட்கும் நாளில் அந்தப் பழைய பதிவு முன்னால் வந்து நிற்கும். அமெரிக்க அரசாங்கத்தால் நீதிமன்ற ஆணை இல்லாமலேயே, சட்டப்படியான கழிவுகள் போக மிஞ்சும் சம்பளத்தில் 15 விழுக்காடு வரை பிடித்தம் செய்ய முடியும். பெற்றோரோ மற்றவரோ இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருந்தால் அவர்களுடைய மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும். மகனோ மகளோ தவணை கட்டுகிறார்களா என்று கேட்கத் தயங்கும் பெற்றோர்கள், தம் பெயரும் அந்தக் கடனில் இருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

முழுப்பொறுப்பையும் மாணவர் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்திரேலியா 1989இல் கொண்டுவந்த ஏற்பாட்டில், வருமானம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டிய பிறகே கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். அது வரி முறை வழியாகவே வசூலிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் இளநிலைப் பட்டக் கடனுக்கு, வரம்புக்கு மேற்பட்ட வருமானத்தில் 9 விழுக்காடு பிடிக்கிறார்கள்; குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு மீதித் தொகை தள்ளுபடியாகிறது. அமெரிக்காவில், ஒரு கல்லூரியில் படித்துக் கடனைக் கட்டத் தவறியவர்களின் விகிதம் தொடர்ந்து மூன்றாண்டுகள் 30 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, ஒரே ஆண்டில் 40 விழுக்காட்டைத் தாண்டினாலோ, அக்கல்லூரி மத்திய அரசின் மாணவர் கடன் திட்டத்தில் இடம்பெறும் தகுதியை இழக்க நேரிடும். கட்டணம் வாங்கும் கல்லூரிக்கும் இழப்பில் பங்கு இருந்தால்தான், சேர்க்கையில் காட்டும் அக்கறையை அது படிப்பை முடிக்க வைப்பதிலும் காட்டும்.

வருமானத்துக்கேற்பக் கட்டும் ஏற்பாடு இல்லாத இடங்களில், வேலை கிடைக்காதபோதோ போனபோதோ கடன் வாங்கியவரே முதலில் வாய் திறக்க வேண்டும். தவணைக் காலத்தை நீட்டுவது, சில மாதங்களுக்கு வட்டியை மட்டும் கட்டுவது, தொடக்கத்தில் குறைந்து போகப்போகக் கூடும் தவணை என்று வங்கிகள் சம்மதிக்கக்கூடிய வழிகள் உண்டு. நீட்டிப்பு இலவசம் அன்று: மேற்சொன்ன 5,40,000ஐப் பத்தாண்டில் கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 8,56,000, இருபதாண்டாக நீட்டினால் தவணை 5,210 ஆகக் குறைந்து மொத்தம் 12,50,000ஐ எட்டும். ஆகவே நீட்டிப்பு கேட்கும்போதே, பின்னர் கூடுதலாகக் கட்டினால் அபராதம் உண்டா என்பதையும் கேட்டுவிட வேண்டும். கோரிக்கையை எழுத்தில் கொடுப்பது நல்லது: கடன் கணக்கு எண், சிரமம் தொடங்கிய மாதம், இப்போதைய வருமானம், மாதம் கட்டக்கூடிய தொகை, எத்தனை மாதத்துக்கு அந்தச் சலுகை வேண்டும் என்ற ஐந்தும் அரைப்பக்கத்தில் அடங்கிவிடும். தொலைபேசியில் பேச நேர்ந்தால் பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு, அன்றே மின்னஞ்சலில் அதை உறுதிசெய்யச் சொல்லலாம். வங்கியின் ஒப்புதல் எழுத்தில் வரும் வரை பழைய தவணைதான் நடப்பில் இருக்கிறது. முழுத் தொகை இல்லாவிட்டாலும், முடிந்ததை அந்தத் தேதிக்குள் கட்டிவிட்டு ரசீதைக் கடிதத்தோடு இணைத்துக் கொடுக்க வேண்டும்.