எட்டு நாட் காற்றுக்கு எவ்வளவு பெரிய பாய்?

போன வாரம் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மணலில் உட்கார்ந்து என் விண்ட்சர்ஃபிங் பாயை, அதாவது பலகையில் நிறுத்திக் காற்றைப் பிடிக்கும் பாய்மரத் துணியை, சுருட்டிக்கொண்டிருந்தேன். விண்ட்சர்ஃபிங் பழகி ஒரு வருடம்கூட ஆகாத ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, சிங்கப்பூர்ல காத்தே இல்ல, 9.5 சதுர மீட்டர் பாய் ஒண்ணு பழசு விலைக்கு வருது, எடுத்துரவா?" அவர் எடை 60 கிலோ. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் ஏன் என்று அங்கே நின்றபடி முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

காற்று குறைவாக இருந்தால் பாயைப் பெரிதாக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று பார்க்க வேண்டும். பாயில் விழும் விசை காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காற்று 8 நாட்டிலிருந்து (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கி.மீ.) 12 நாட் ஆனால் விசை 2.25 மடங்கு ஆகிவிடும். பாயை 7.5 சதுர மீட்டரிலிருந்து 9.5-க்கு மாற்றினால் பரப்பு கூடுவது ஏறக்குறைய 27 சதவீதம், அவ்வளவுதான். அதாவது 7.5 பாயோடு 12 நாட் காற்றில் தண்ணீரை விட்டு மேலே எழும்பி வழுக்கி ஓடுகிற பலகை, 9.5 பாயோடு 10.7 நாட் காற்றில் எழும்பும். ஒரு நாட் சொச்சம். அதற்காகத்தான் 490 செ.மீ. மாஸ்ட் (பாய் நிற்கும் கம்பம்), நீளமான பூம் (கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பி), 85 செ.மீ. அகலமுள்ள பலகை, பெரிய ஃபின் (பலகையின் அடியில் இருக்கும் துடுப்பு) என்று வரிசையாக வாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாயின் கூடுதல் எடையே கிடைத்த லாபத்தில் கொஞ்சத்தைத் தின்றும்விடும்.

நான் வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது: உடல் எடையை 1.34-ஆல் பெருக்கி, காற்றின் நாட் வேகத்தால் வகுத்தால் பாயின் சதுர மீட்டர் வரும். எனக்கு 78 கிலோ, 12 நாட் காற்றுக்கு 8.7 வருகிறது, நான் 8.5 வைத்திருக்கிறேன். அந்தத் தம்பிக்கு அதே காற்றில் 6.7. அவர் 7.0 வாங்கினால் நான் 8.5-ல் போகும் அதே நாளில் அவரும் போவார், கையும் தோளும் வலிக்காமல். இன்னொன்று, நம் ஊர்க் காற்று சூடானது, 30 டிகிரிக் காற்று 10 டிகிரிக் காற்றைவிட 7 சதவீதம் அடர்த்தி குறைவு. ஐரோப்பியர்கள் எழுதுகிற அட்டவணையைப் பார்த்து வாங்குகிறவர்கள் அரை சதுர மீட்டர் கூட்டிக்கொள்ளலாம், அதற்கு மேல் தேவையில்லை.

இந்தக் கணக்கில் 8 நாட் போட்டுப் பார்த்தால் எனக்கு 13 சதுர மீட்டர் வரும். அங்கேதான் கணக்கை நிறுத்த வேண்டும். பெரிய பாய்களுக்குப் பேர்போன ஃபார்முலா விண்ட்சர்ஃபிங் பந்தயத்திலேயே 12.5-தான் உச்சம், அதுவும் ஒரு மீட்டர் அகலப் பலகையில், நல்ல பலசாலிகள் ஓட்டுவது. ஏப்ரல் மேயிலும் அக்டோபரிலும் இங்கே பாதி நாள் 5, 6 நாட்தான் அடிக்கிறது. அந்தக் காற்றுக்குப் பாயை அல்ல, பலகையை மாற்ற வேண்டும். நடுவில் டேகர்போர்டு (பக்கவாட்டில் நழுவாமல் தண்ணீருக்குள் இறக்கும் தகடு) வைத்த நீளப் பலகை ஒன்றை எடுங்கள். விண்ட்சர்ஃபர் எல்டி என்ற பலகைக்குப் பாய் வெறும் 5.7, ஆறு நாட் காற்றில் அதில் எதிர்க்காற்று ஏறிப் போய்த் திரும்பி வருவது எனக்கு இன்றும் அலுக்காத சந்தோஷம். வசதி இருந்தால் ஃபாயில், அதாவது பலகையின் அடியில் தண்டோடு பொருத்தி, பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கும் இறக்கை. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 9.0, பெண்களுக்கு 8.0 பாய், ஆனால் அது பந்தயம். பொழுதுபோக்குக்கு 10 நாட் காற்றில் 6.5 பாயே தூக்கிவிடும். ஃபாயிலுக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும், அதனால் நீர் வற்றும் நேரத்தைத் தவிர்த்துப் போங்கள்.

பெரிய பாயில் எனக்கு இருக்கும் உண்மையான பயம் வேறு. சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதக் காலையில் 9.5 பாயோடு கரையிலிருந்து வெகுதூரம் போய்விட்டேன், காற்று மெதுவாக, வானம் மேற்கில் மட்டும் கறுத்து. சுமத்ரா ஸ்குவால் (சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வரும் புயல்காற்று மழை) என்று தெரிந்தது, திரும்புவதற்குள் வந்து அடித்துவிட்டது. பாய் தண்ணீரில் கிடந்தது, என்னால் தூக்க முடியவில்லை, நீரோட்டம் நங்கூரமிட்ட கப்பல்கள் பக்கம் இழுக்கிறது. பூமைப் பலகையின் பின்பக்கம் போட்டுப் படுத்துக்கொண்டு கையால் துழாவிக் கரை சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 7.5 ஆக இருந்திருந்தால் அந்த அடி விட்டதும் பாயைத் தூக்கி நின்றிருப்பேன். காற்றில்லாத நாளுக்கென்று வாங்கும் பாயைக் காற்று வந்த பிறகும் உங்களால் தண்ணீரிலிருந்து தூக்க முடிகிறதா என்று கரையோரத்திலேயே பத்து தடவை தூக்கிப் பாருங்கள்.

அப்புறம், அந்தக் கப்பல்களைப் பார்த்துக் காற்றின் திசையைக் கணிக்காதீர்கள், அவை பெரும்பாலும் நீரோட்டத்துக்குத்தான் திரும்பி நிற்கும். தண்ணீரில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் 10 நாட் பக்கம் வந்துவிட்டது என்று பொருள், அதற்கு முன் பெரிய பாயைக் கட்டிப் பயனில்லை. அவுட்ஹாலை (பாயைப் பூமின் நுனிக்கு இழுக்கும் கயிறு) கொஞ்சம் தளர்த்தினால் பாய்க்கு வயிறு விழும், அரை அளவு பெரிய பாய் மாதிரி இழுக்கும். டவுன்ஹாலை (பாயை மாஸ்ட்டின் அடிக்கு இழுக்கும் கயிறு) மட்டும் அதிகம் தளர்த்தாதீர்கள், பாய் மேலே இறுகி, வீச்சு வரும்போது பின்கையை இழுக்கும்.

தம்பிக்கு நேற்று என் பழைய 7.0-ஐக் கொடுத்திருக்கிறேன். டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று இறங்கும்போது அதிலேயே ஓட்டிப் பார்க்கட்டும்.