'ஆம்' என்று டிக் செய்தால் கடலுக்குள் விடுவார்களா?

ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் நீந்துவது, கற்றுத்தரும் இடங்களில் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். முதல் பக்கம் முழுக்க ஆம், இல்லை கேள்விகள். முதுகுவலி, குடலிறக்கம், அல்சர், சர்க்கரை நோய் நாலையும் ஒரே கேள்விக்குள் அடைத்திருப்பார்கள். எனக்குப் பதினாலு வயதிலிருந்து டைப் 1, இன்சுலின் போட்டே ஆக வேண்டிய சர்க்கரை நோய். தாய்லாந்தின் கோ தாவ் தீவுக்குப் போய் டைவிங் படிப்பது என்று நானும் கணவரும் முடிவு செய்ததும், போய்வந்த நண்பர்கள் முதலில் சொன்ன யோசனை: "எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் பண்ணிடு. யாரு வந்து பாக்கப் போறா?"

யாரும் பார்க்கமாட்டார்கள்தான். ஆனால் பக்கத்தில் நீந்துகிறவருக்கும் விஷயம் தெரியாமல் போய்விடும். தண்ணீருக்கு அடியில் சுகர் இறங்கி 'லோ' ஆனால் வேர்ப்பது தெரியாது. உடம்பு நடுங்கினால் குளிர் என்று நினைத்துக்கொள்வோம். புத்தி மந்தமானால், ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். நினைவு தப்பி மூச்சுக்குக் காற்றுத் தரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் அவ்வளவுதான். மேலே வந்து மயங்கி விழுந்தாலும், சுகரா, ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடம்பில் நைட்ரஜன் குமிழி கட்டும் டிகம்ப்ரஷன் கோளாறா என்று கூட இருப்பவர்கள் குழம்புவார்கள். நான் 'ஆம்' என்றே போட்டேன். அப்படிப் போட்டால் மூன்றாம் பக்கத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும். அலைச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கோவையில் என்னைப் பல வருடமாகப் பார்க்கும் சுகர் டாக்டர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, கடலுக்கு அடியில சுகர் இறங்குனா யாரு சாக்லேட் குடுப்பா?" என்றார். கேள்வி நியாயம்தான். சுகர் கட்டுப்பாட்டைப் பற்றி நல்லபடியாக ஒரு கடிதம் எழுதித் தந்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை, டைவிங் தனக்குத் தெரியாத விஷயம் என்றார். தெரியாததில் கையெழுத்துப் போடாத டாக்டர் மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்தது.

கடற்படையின் டைவிங் பள்ளி கொச்சியில் இருக்கிறது. அந்தப் பக்கம் இந்தத் துறையில் பழகிய, ஓய்வு பெற்ற டாக்டர்கள் இருப்பார்கள் என்று ஒருவர் சொல்ல, விசாரித்து அப்படி ஒரு டாக்டரிடம் போனோம். அவர் மேஜையில் 2005-இல் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பும் கடலடி மருத்துவச் சங்கமும் கூடி வகுத்த வழிமுறைகளின் பிரிண்ட் அவுட் இருந்தது. பிரிட்டனில் இன்சுலின் போடுகிறவர்களுக்கு இருந்த தடையை 1991-லேயே தளர்த்திவிட்டார்களாம்.

அவர் கேட்டவை எல்லாம் அந்த வழிமுறையில் உள்ளவைதான். 18 வயது ஆகியிருக்க வேண்டும், இன்சுலின் ஆரம்பித்து ஒரு வருடம் தாண்டியிருக்க வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்கு லோவோ ஹையோ வந்திருக்கக் கூடாது. லோ வருவது எனக்கே உணரத் தெரிய வேண்டும். மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி 9 சதவீதத்துக்கு மேல் கூடாது, அதுவும் சமீபத்திய ரிப்போர்ட்டாக இருக்க வேண்டும். கண், சிறுநீரகம், பாத நரம்பு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். 40 வயது தாண்டியவர் என்றால் இதயப் பரிசோதனையும் உண்டு, நான் தப்பினேன். பிறகு எல்லைகள்: 30 மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குகைக்குள்ளோ மூழ்கிய கப்பலுக்குள்ளோ நுழைய வேண்டாம், டைவ் ஜோடிக்கு, அதாவது கூடவே நீந்துகிறவருக்கு, சர்க்கரை நோய் இருக்கக் கூடாது. கணவரைப் பார்த்து, "உங்களுக்கு இருக்கா?" என்றார். இல்லை என்றதும்தான் கையெழுத்து.

கடல் சொன்னது வேறு பாடம். சுகரை 140-க்குள் வை, 140-க்குள் வை என்று கேட்டே வளர்ந்தவள் நான். டைவுக்கு முன்னால் குறைந்தது 150 இருக்க வேண்டுமாம், 300-ஐத் தாண்டினால் இறங்கக் கூடாது. ஒரு மணி நேரம், அரை மணி நேரம், இறங்குவதற்குச் சற்று முன் என மூன்று முறை பார்க்க வேண்டும். எண்ணை விட அது போகிற திசைதான் முக்கியம்: நிலையாக இருக்கலாம், ஏறலாம், இறங்கக் கூடாது.

ட்வின்ஸ் என்ற இடத்துக்குப் படகில் போன காலையில் முதலில் 214. அரை மணி நேரத்தில் 187. கையில் உப்புத் தண்ணீரும் சன்ஸ்கிரீனும் இருந்தால் ஸ்ட்ரிப் தப்பாகக் காட்டலாம் என்று, குடிதண்ணீரில் விரலைக் கழுவி, காய்ந்த துண்டில் துடைத்து, மறுபடி குத்தினேன். 163. எண்ணைப் பார்த்தால் பாஸ். ஆனால் சரிந்துகொண்டே வருகிறது. பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குதிக்க, நான் பிஸ்கட்டும் ஜூஸுமாகப் படகில் உட்கார்ந்திருந்தேன். எரிச்சலாக இருந்தது, பொய் சொல்வானேன். அடுத்த டைவுக்கு 178, 190, 196. இறங்கினேன்.

சுகரைத் தொடர்ந்து அளக்க கையில் ஒட்டியிருந்த லிப்ரே சென்சர் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம்தான் தாங்கும் என்று கம்பெனியே போட்டிருக்கிறது. அதை நம்பி இறங்க முடியாது, படகில் குளுக்கோமீட்டர் கட்டாயம். டைவிங் ஜாக்கெட்டின் பையில் குளுக்கோஸ் ஜெல், படகில் லோ ஆகி நினைவு தப்பினால் சுகரை ஏற்றப் போடும் குளுக்ககான் ஊசி. ஊர் மருந்துக்கடைகளில் அந்த ஊசி லேசில் அகப்படவில்லை, அலைந்துதான் வாங்கினோம். இன்சுலின் எப்போதும் கைப்பையில். விமானத்தின் சரக்கு அறையில் உறைந்துபோனால் வீண்.

தண்ணீருக்குள் லோ என்று சொல்லவும் ஒரு சைகை உண்டு: கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஆங்கில 'எல்' மாதிரி விரிப்பது. நம் 'ட'தான். அதைக் காட்டினால் இருவரும் மேலே வந்து, ஜாக்கெட்டில் காற்றேற்றி மிதந்தபடி ஜெல்லைச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும். டாக்டரின் சாக்லேட் கேள்விக்கு இதுதான் பதில். ஊர் திரும்பியதும் அவரிடம் செய்தே காட்டினேன், சிரித்தார். டைவ் முடிந்த பிறகும் 12 முதல் 15 மணி நேரம் சுகரை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதால் ராத்திரியும் நிம்மதியான தூக்கம் கிடையாது.

இப்போது கணவருக்கு 40 மீட்டர் வரை போகும் டீப் கோர்ஸ் மேல் ஆசை வந்திருக்கிறது. எனக்குப் போட்ட கோடு 30. தாராளமாகப் படிக்கட்டும், அதற்கு வேறு ஜோடியைத் தேடிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.