வெலிக்கடைப் பெயர்ப்பலகை: மூன்றாவது வார்ப்பில் புள்ளிகள் நின்றன

35 பெயர்களும் புள்ளி குறையாமல் வந்துவிட்டன. 1983 யூலை 25இல் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட தமிழ்க் கைதிகளுக்கான சீமெந்துப் பலகை இது. அளவு 60×60×4 செ.மீ., புடைப்பெழுத்து, எழுத்துயரம் 18 மி.மீ. சீமெந்து 9.3 கிலோ, ஆற்று மணல் 18.6 கிலோ, நீர் 3.7 லீட்டர். இவை வழமையானவைதான். பாடுபடுத்தியது புள்ளி.

பலகையின் முகம் அச்சின் அடியில் கிடக்கும். புள்ளிக்குழியின் அகலம் 4 மி.மீ.தான்; 2 மி.மீ. பருமனான மணல் பருக்கை இரண்டு சேர்ந்தாலே வாய் அடைபட்டு, காற்று உள்ளே நின்றுவிடும். முதல் வார்ப்பில் 11 புள்ளிகள் உருவாகவேயில்லை. இரண்டாவதில் அச்சை உரிக்கும்போது 6 முறிந்தன. குட்டிமணி 'குடடிமணி' ஆனார். கொல்லப்பட்டவரின் பெயரை அப்படி நிறுத்தவே கூடாது. பிறகு பசையால் புள்ளி ஒட்டலாம் என்பார்கள். இரண்டு மழைக்குத் தாங்காது.

முறிந்ததற்குக் காரணம் நெட்டுக்குத்தான விளிம்பு. அச்செடுக்கும் மாதிரியில் ஒட்டுகிற, லேசரில் வெட்டிய அக்ரிலிக் எழுத்துகள் எல்லாமே அப்படித்தான் வரும். எழுத்துக்கு அது பரவாயில்லை, புள்ளிக்கு ஆகாது. 6 மி.மீ. அக்ரிலிக் கோலை டிரில்லில் பூட்டி, சுழலவிட்டு அரம் பிடித்து, நுனி 4 மி.மீ. ஆகும்வரை கூம்பாக்கி, 3 மி.மீ. உயரத்தில் அறுத்து ஒட்டவேண்டும். பழைய புள்ளிகளைக் கழற்றிவிட்டு சிலிக்கோன் அச்சைப் புதிதாக எடுத்தாயிற்று.

அடுத்தது முகப்பூச்சு. 0.6 மி.மீ. அரிப்பில் சலித்த மணலும் சீமெந்தும் சம அளவு, பாலாடைப் பதம். தூரிகையால் பூசி, ஒவ்வொரு குழியிலும் ஈர்க்கு நுனியை விட்டுச் சுழற்றினால் குமிழி மேலே வரும். வரிசை வரிசையாக, ஒன்றையும் விடாமல். கொழும்பு வெயிலில் 20 நிமிடத்துக்குள் பின்கலவை (பூச்சின்மேல் அச்சை நிரப்பும் கலவை) விழாவிட்டால் பூச்சு காய்ந்து தனித்தோலாக உரியும். விடியற்காலையில் வார்ப்பதே நல்லது.

உள்ளே கம்பிவலை வேண்டாம். கடற்காற்றில் கறள் பிடித்து, ஊதி, பலகையை வெடிக்கவைக்கும். காரம் தாங்கும் கண்ணாடியிழை வலை போதும். சிலிக்கோன் வாங்கும்போது உற்பத்தித் திகதியைப் பாருங்கள். இந்த ஈரப்பதத்தில் திறந்த டின் நாட்படாது.

பிளாஸ்டர் அச்சு மலிவுதான், ஒரு வார்ப்போடு உடைந்துபோகும். யாழ். பல்கலைக்கழக முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8 இரவு இடித்தார்கள். அச்சு பத்திரமாக இருந்தால் உடைத்த பலகையைப் பத்து நாளில் திரும்ப நிறுத்தலாம். அதற்காகவே சிலிக்கோன்.

பலகை இன்னும் ஈரச்சாக்குக்குள். 7 நாள் முடியவில்லை. 27ஆம் திகதி கொல்லப்பட்ட 18 பேரின் பலகைக்குப் புள்ளிகள் அறுபட்டுக்கொண்டிருக்கின்றன.