61 நாள் கணக்கு

போன வாரம் ஆபீஸில் சாப்பிடும்போது, எவ்வளவு இருந்தால் ஒருத்தனைப் பணக்காரன் என்று சொல்லலாம் என்று பேச்சு வந்தது. ஒருத்தர் அஞ்சு கோடி என்றார், இன்னொருத்தர் அண்ணா நகரில் சொந்த வீடு என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. காசிமேட்டில் வளர்ந்தவனுக்குக் கணக்கு வேறு: வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் தாங்குவாய்?

எங்களுக்கு அது வருஷா வருஷம் வருகிற பரீட்சை. மீன் சினை வைக்கிற காலம் என்று ஏப்ரல் 15-லிருந்து விசைப்படகுகளை நிறுத்திவிடுவார்கள். நான் படித்த காலத்தில் 45 நாள், 2017-லிருந்து 61 நாள், ஜூன் 14 வரை. கட்டுமரத்துக்குத் தடை கிடையாது, ஆனால் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போனவர், படகு நின்றால் பங்கும் நின்றது. நிவாரணப் பணம் பழைய பாக்கிக்கே சரியாகிவிடும். கிழிந்த வலையைத் தைப்பார், சாயங்காலம் கேரம் போர்டு, பார்த்தால் ராஜா மாதிரி இருப்பார்.

அந்த ராஜ வாழ்க்கைக்கான காசு அம்மா காதிலிருந்து வந்தது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. மே மாதம் பிறந்தால் கம்மல் அடகுக்கடைக்குப் போய்விடும். ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதே என்று வேப்பங்குச்சியை ஒடித்து, முனையைத் திண்ணையில் தேய்த்து மழுக்கி, காதில் சொருகிக்கொள்வாள். கல்யாண வீட்டுக்குப் போனால் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொள்வாள். ஆடியில் கம்மல் திரும்பும். ஒரு வருஷம் ஐப்பசி வரை திரும்பவில்லை. ஏழைக்குத்தான் நிம்மதி என்று எவனாவது எழுதினால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

சரி, நான்? மாதச் சம்பளம், வீட்டுக் கடன், வண்டிக்கு இஎம்ஐ. அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சம்பளம் நின்றால் 40 நாள் தாங்கும். 61-ஐ விடுங்கள், பழைய 45 நாளைக்கூடத் தாண்ட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். என் முதல் சம்பளத்தில் மீட்டுக் கொடுத்த நாளிலிருந்து கழற்றாத கம்மல் காதில் இல்லை. மறுபடியும் வேப்பங்குச்சி.

“என்னாச்சும்மா? காசு வேணும்னா என்னைக் கேட்டிருக்கலாமே!”

“எனக்கு இன்னாத்துக்குடா காசு? எதிர்வூட்டுப் பொண்ணு கேட்டுச்சு, குடுத்தேன். ஆடியில மூட்டுக் குடுக்கும்.”

நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.