பல்செட்டுக்கு அடியில் பூஞ்சை

எனக்கு மேலே முழு பல்செட், கீழே கம்பி மாட்டிய சின்ன செட். போட்டுப் பல வருடம் ஆகிறது. போன மழைக்காலத்தில் உதட்டோரம் இரண்டு பக்கமும் வெடித்துக்கொண்டது. கொட்டாவி விட்டால் ரத்தம் கசியும், ரசம் பட்டால் எரியும். மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தார்கள். வீட்டில் மணத்தக்காளிக் கீரை அடிக்கடி தட்டுக்கு வந்தது. கீரை நன்றாகத்தான் இருந்தது, வெடிப்புதான் ஆறவில்லை.

கடைசியில் பல் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா உதட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஐயா, செட்டைக் கழற்றுங்க” என்றார். வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தவர், என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். அண்ணத்தில் செட் உட்காரும் இடம் மட்டும், விளிம்பு பிசகாமல், செக்கச்செவேலென்று இருந்தது. அங்கே எனக்கு வலியோ எரிச்சலோ இருந்ததே இல்லை. நிறைய பேருக்கு அப்படித்தானாம், அதனால்தான் தெரியாமலே போய்விடுகிறது.

கேண்டிடா என்ற பூஞ்சை. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் பலரின் வாயிலும் அது சும்மா இருக்கும். செட்டை நாள் முழுக்கக் கழற்றாமல் வைத்திருந்தால், அதற்கு அடியில் எச்சில் ஓட்டம் போய்க் கழுவுவதில்லை. செட் செய்கிற அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வேறு உண்டு. பூஞ்சை அங்கே படலமாக ஒட்டிக்கொண்டு பெருகுகிறது. சர்க்கரை நோய், வாய் வறட்சி, புகைபிடித்தல், சமீபத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் எல்லாமே அதற்குச் சாதகம் என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குச் சர்க்கரை இல்லை, ஆனால் ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் உண்டு. உறிஞ்சிய பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

“ராத்திரி கழற்றி வைப்பீங்களா?” என்றார். இல்லை என்றேன். எங்கள் வீட்டில் ஹாலில்தான் எல்லோரும் படுப்பது. மருமகள், பேரப்பிள்ளைகள் முன்னால் பொக்கை வாயோடு எப்படி? டாக்டரம்மா விடவில்லை. ஜப்பானில் மிகவும் வயதானவர்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் சுமார் இரண்டு மடங்கு இருந்ததாம்.

மருந்து எளிது. க்ளோட்ரிமசோல் திரவத்தை அண்ணத்திலும் உதட்டோரத்திலும் தடவ வேண்டும், செட்டின் உள்பக்கத்திலும் தடவ வேண்டும். வாயை மட்டும் குணப்படுத்திவிட்டு அழுக்குச் செட்டைத் திரும்ப மாட்டினால், பூஞ்சையும் திரும்ப வந்துவிடும். சிவப்பு மறைந்த பிறகும் சில நாள் விடாமல் தடவச் சொன்னார்.

சுத்தம் செய்யும் முறையைத்தான் அடியோடு மாற்ற வேண்டியிருந்தது. பற்பொடியும் பேஸ்ட்டும் செட்டில் கீறல் போடும், அந்தக் கீறலில் பூஞ்சை குடியேறும். இப்போது மென்மையான பிரஷ், கொஞ்சம் திரவ சோப்பு, அவ்வளவுதான். கீழே ஒரு பேசினில் தண்ணீர் வைத்துக்கொண்டு கழுவுகிறேன், கை நழுவினாலும் உடையாது. மேல் செட்டை மட்டும் 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) கரைசலில் ஊறவைத்தேன், 10 நிமிடத்துக்கு மேல் கூடாது, பிறகு நன்றாக அலச வேண்டும். கீழ்ச் செட்டில் கம்பி இருக்கிறது, ஹைப்போகுளோரைட் அதை அரித்துவிடும் என்பதால் அதற்குக் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் எல்லாம் செத்துவிடுமே என்று என் அண்ணன் யோசனை சொன்னார். செட்டும் வளைந்துவிடும் அண்ணே என்றேன்.

ராத்திரி கழற்றுவதற்குத்தான் மனசு வரவில்லை. விளக்கை அணைத்த பிறகு திருட்டுத்தனமாகக் கழற்றி, விடிவதற்குள் மாட்டிக்கொண்டிருந்தேன். “இத்தனை வருஷமா பார்த்த மூஞ்சிதானே, பல்லு இல்லைன்னா பயந்துடுவோமா?” என்று என் மனைவி எல்லோர் முன்னாலும் கேட்டபின் அந்த நாடகம் முடிந்தது.

ஆனால் வெடிப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பல் போன தாடை எலும்பு வருடாவருடம் கரைந்துகொண்டே போகும். பழைய செட் தளர்ந்து, வாய் உள்வாங்கி, உதட்டோர மடிப்பில் எச்சில் தேங்கியிருக்கிறது. புதுச் செட்டுக்கு உடனே அளவு எடுக்கச் சொன்னேன். முடியாது, வீங்கிய அண்ணத்தில் அளவு எடுத்தால் பிறகு பொருந்தாது, முழுக்க ஆறட்டும் என்றார். காத்திருந்துதான் வாங்கினேன். ஆடாத செட்டில் முறுக்குகூடக் கடிக்க முடிகிறது. இனி வருடத்துக்கு ஒரு முறையாவது போய்க் காட்ட வேண்டும்.

வெளியூர்ப் பயணம் போகிறவர்களுக்கு ஒன்று: மூடி போட்ட டப்பாவில் தண்ணீர் விட்டு வையுங்கள். காகிதத்தில் சுற்றித் தலைமாட்டில் வைத்தால், குப்பை என்று யாராவது காலையில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.